கல்யாணி எழும்பவில்லை

சிட்னிக்கு வந்த புதிதில் தாட்சாயினி லிட்கம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மாற்றினாள். யாழ்ப்பாணத்தில் பெற்ற ஆசிரியைத் தகுதி இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அழுதபடியே மறுபடி படித்தாள். பிறகு, அகதிகளாக வந்த பிள்ளைகளுக்கு முதல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சிறிய அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையானாள். எத்தனை பிள்ளைகள் அவள் மடியில் முகம் புதைத்து விம்மியிருப்பார்கள்!

அந்தப் பள்ளிக்கூடத்தை மூடவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் தேர்தலில் நின்றாள். வென்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த சிறுமி ஒருத்தியின் தாய் கல்யாணி. படகில் வந்தவள், வாக்குரிமை இல்லாதவள். ஆனாலும் வாக்குச்சாவடி வாசலில் வெயிலில் நின்று தாட்சாயினிக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தாள். மகளின் ரீச்சரை எங்கே கண்டாலும் கல்யாணி எழுந்து நிற்பாள். ஊர்ப் பழக்கம்.

பள்ளிக்கூட நிலத்தை விற்கும் மசோதாவைத் தாட்சாயினியின் கட்சியே கொண்டுவந்தது. எதிர்த்தால் கட்சியிலிருந்து நீக்கம்.

அந்த வாரம் பென்டில் ஹில் பலசரக்குக் கடை வாசலில் கல்யாணி கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தாட்சாயினியைக் கண்டும் எழும்பவில்லை.

"என்ன கல்யாணி, கால் நோவோ?"

"என்ர கால் நல்லாத்தான் இருக்கு ரீச்சர். உங்கட கால்தான் பாவம். கட்சி சொன்ன பக்கம் மட்டும்தானே இனி நடக்கும்."

வீட்டில் கணவர் வரதராஜா தேநீரை நீட்டினார்.

"நீர் ஒராள் மாறினால் மசோதா தோக்குமே?"

"தோக்காது."

"பிறகென்ன? பள்ளிக்கூடமும் போய், பதவியும் போய், குசினிக்குள்ள இருந்து அழப்போறீரோ?"

தேநீர் ஆறிப்போனது.

வாக்கெடுப்பு நாள். பார்வையாளர் மாடத்தில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த கல்யாணி முகம் இறுகிப்போய் இருந்தாள். அவைக்குள் மணி ஒலித்தது. ஆதரிப்பவர்கள் சபாநாயகரின் வலப்புறம், எதிர்ப்பவர்கள் இடப்புறம் அமர வேண்டும். தாட்சாயினி வலப்புறம் இருந்தாள். கதவுகளைப் பூட்டப்போகும் நேரத்தில் எழுந்தாள். "உட்காருங்கள்!" என்று கட்சிக் கொறடா ஆங்கிலத்தில் சீறினார். நடந்தாள். எதிர்ப்பக்கம் போய் அமர்ந்தாள்.

மசோதா நிறைவேறியது. பள்ளிக்கூடம் போயிற்று. கட்சியும் போயிற்று.

கண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தாள். மேலே கல்யாணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லிக் காவலர் கைகாட்டினார். அவள் உட்காரவில்லை.