பஞ்சு வைக்காத இடம்

காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த ஓசை வரும். டக், தப். டக், தப். மாவுக்கட்டு அறையில் கட்டுக்காரரின் கை அப்படியே நின்றுவிடும்.

சலவைத் துணிக்கூடையோடு வருகிறவளின் இடது பாதம் மேலே எழும்பாது. முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தரையில் அடித்துத்தான் நடப்பாள். "துணி வச்சிருக்கேண்ணே" என்று சிரித்துவிட்டுப் போவாள். எப்போதோ கால் முறிந்ததில் வந்த வினை என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவர் அவர்தான். அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் பஞ்சு சுற்றியவர், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பை மட்டும் விட்டுவிட்டு இறுக்கினார். தொடையின் பின்புறமாக இறங்கும் நரம்பு அங்கேதான் மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. மேலே சதை கிடையாது, தோல்தான். பாதத்தைத் தூக்க வைக்கும் நரம்பு அது.

இரண்டாம் நாளே வந்து, "பாதம் மரத்துப்போன மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

"கட்டு போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

கட்டைப் பிரித்த அன்று பாதம் எழும்பவில்லை. அதன்பிறகு யார் காலுக்குக் கட்டுப் போட்டாலும் அந்த இடத்தில் விரலை நுழைத்துப் பார்க்காமல் விட்டதில்லை. "தூக்கத்துல என் முட்டியையும் தடவிப் பாக்குறாரு மனுஷன்" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் கூடை இல்லாமல் வந்தாள். ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட கணவர் தள்ளுகட்டிலில் கிடந்தார். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர்.

"எனக்குப் போட்ட மாதிரியே இவருக்கும் நல்லாப் போடுங்கண்ணே."

கட்டுக்காரர் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் பஞ்சைச் சுற்றினார். இன்னும் சுற்றினார்.

"கட்டா போடுறீங்க, மெத்தை தைக்கிறீங்களா?" என்றார் கணவர்.

அவள் குனிந்து பார்த்தாள். "அங்க மட்டும் எதுக்குண்ணே இவ்வளவு? எனக்கு வைக்கலையே."

மரத்துப்போவது சகஜம் என்று இன்னொரு தடவையும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை ஏதோ ஒரு சமாதானம் வந்தது.

"வைக்கல" என்றார். "வச்சிருந்தா உன் பாதம் தூக்கும்மா. மரத்துப்போச்சுன்னு வந்தப்பவாவது நான் கட்டைப் பிரிச்சிருக்கணும்."

கணவர் சிரிப்பை விழுங்கினார். அவள் தன் முழங்காலுக்குக் கீழே விரலால் தடவி, அந்த எலும்பைக் கண்டுபிடித்து, அழுத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு சுத்து சுத்துங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து துணிக்கூடையை வேறொருத்தி கொண்டுவந்தாள். இரண்டு காலும் ஒரே மாதிரி ஒலிக்கும் நடை. பதினோரு மணி ஆனால் கட்டுக்காரரின் கை இப்போதும் நின்றுவிடுகிறது.