பின்னால் வரும் வண்டி

“…நோட்டுல என்ன எழுதியிருக்கீகங்கிறத விடுங்கண்ணே. கண்ணாடியில என்னையப் பாத்தீகளா, பாக்கலையா? அத மட்டும் சொல்லுங்க.”

ராஜபாளையத்தில் நான் வேன் ஓட்டிய நூல் மில்லின் டைம் ஆபீஸ் அது. மேசைக்கு அந்தப் பக்கம் டைம் ஆபீஸர். இந்தப் பக்கம் நானும், இதைக் கேட்ட பெண்ணும். ஆபீஸர் முன்னால் என்னுடைய டிரிப் நோட்டு விரிந்து கிடந்தது. முந்தின நாள் பக்கத்தில், “6.10. செண்பகத்தோப்பு விலக்கு. ஆள் இல்லை” என்று என் கையெழுத்தில் இருந்தது. நிறுத்தி நிதானமாக எழுதிய எழுத்து. ஒரு அடித்தல் கிடையாது.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனசு எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு சரி. மீதியை ஜனங்கள் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். எண்பதாம் வருஷ வாக்கில் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்து, பதினைந்து வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். மிலிட்டரி உனக்கு என்னத்தைக் கொடுத்தது என்று கேட்பவர்களிடம், யாரோடும் ஒரு தட்டில் சாப்பிடும் மனசைக் கொடுத்தது என்பேன். ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் பால்கோவா கொண்டுபோவேன். பெட்டியைத் திறந்த ஐந்தாவது நிமிஷம் அது காலியாகிவிடும். எங்கள் சமையல்காரர் ஒரு சர்தார்ஜி. அவர் பால்கோவாவைச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கடித்துக்கொண்டே, “உங்க ஊர் மாடு கரும்புதான் திங்குமா?” என்று இந்தியில் கேட்டார். அந்த வருஷம் முழுக்க எனக்குக் கரும்பு மாட்டுக்காரன் என்றே பேர்.

குளிரைத் தாங்கவும், கிடைத்த இடத்தில் தூங்கவும், பாஷை தெரியாதவனிடம் சிரித்தே காரியத்தை முடிக்கவும் அங்கேதான் பழகினேன். போர்வையை நாலு மூலை சேர்த்து மடிக்காமல் எழுந்த காலைப்பொழுது எனக்கு இன்றுவரைக்கும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே நேரம். ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான். ஆறு பதினொன்று என்பது வேறு மணி. ஊருக்கு வந்த புதிதில் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டையே எழுப்பி உட்காரவைத்துவிடுவேன். என் மனைவி ஒரு நாள் காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “யூனிபார்ம மட்டும் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கீக. பூட்ஸு இன்னும் மண்டைக்குள்ள நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

அந்தப் பூட்ஸோடுதான் மில் வேனில் ஏறினேன். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போகவேண்டும். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடவேண்டும். இருபது பேருக்கு மேல் வருவார்கள். வண்டி கிளம்பினால் பேச்சும் கிளம்பிவிடும். முன் சீட்டில் உட்காரும் வயதான அக்கா ஒருத்தி இருந்தாள். வாயைத் திறந்தால் வண்டியே குலுங்கும். “ஏட்டி, கடிகாரத்துக்குச் சாவி குடுக்கணும்னா கடைக்குப் போகாதீக. இந்த அண்ணன் காதைத் திருகுனாப் போதும்” என்பாள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. ஒரு நாள்கூட வேன் பிந்தியதில்லை. மானேஜர் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அதற்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

டைம் ஆபீஸில் என்னைக் கேள்வி கேட்ட, நான் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போன பெண், வைண்டிங் பிரிவில் வேலை செய்தாள். அவளுடைய வீட்டுக்காரர் செண்பகத்தோப்புப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். தோப்புக்குள்ளேயே குடிசை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து, மெயின் ரோட்டில் பாதை பிரிகிற விலக்குக்கு வரவேண்டும். மூன்று வருஷமாக டெம்ப்ரவரி. அந்த மாதம் பெர்மனென்ட் லிஸ்ட் போடப்போகிறார்கள் என்று பேச்சு. அதில் அவள் பேரும் இருந்தது. பெர்மனென்ட் ஆனால் ராஜபாளையத்தில் மில்லின் லைன் வீட்டுக்கு எழுதிப் போடலாம். அவளுடைய மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. யானைத் தடத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மிஷின் முன்னால் நின்றாலும் நினைப்பு பூராவும் தோப்பில்தான் கிடக்கிறது என்று வேனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்த லிஸ்ட் என்றால் வெறும் வேலை இல்லை. பிள்ளை பயமில்லாமல் நடக்க ஒரு தெரு.

லிஸ்டில் பேர் நிற்கவேண்டுமானால் அந்த ஆறு மாதத்தில் இரண்டு லேட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. இரண்டு தடவையும் யானை. பாதையில் நின்றால் அது போகிறவரைக்கும் நிற்கவேண்டியதுதானே? இரண்டாவது தடவைக்கு மறுநாள் நான் அவளுக்குப் புத்தி சொன்னேன்.

“யானை வரும்னு தெரியுதுல்ல? அரை மணி முன்னாடி கெளம்பணும் தங்கச்சி.”

“நான் கெளம்பிருவேண்ணே. அதுக்கு உங்க மிலிட்டரி டயம் தெரியலையே.”

வேனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் காலை. விலக்கில் வண்டியை நிறுத்தினேன். ஆளைக் காணோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து ஆனதும் கியரைப் போட்டேன். வண்டி நகர்ந்ததும் வலது பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் செருப்பு. ஓடிவந்துகொண்டிருந்தாள். முன் சீட்டு அக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, அந்தா வாரா! செத்த நேரம் நிறுத்துங்க!” என்று கத்தினாள். “ஒருத்திக்காக இருபது பேரு லேட் ஆகணுமா?” என்று நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மில்லுக்குப் போய்ச் சேர்ந்து நோட்டை எடுத்து, ‘ஆள் இல்லை’ என்று எழுதினேன். விலக்கில் நின்ற நேரத்தில் ஆள் இல்லைதானே? எழுதியது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் டவுன் பஸ் பிடித்து வந்தபோது ஏழு இருபத்தைந்து. மூன்றாவது லேட் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “வேன்காரரு என்னையப் பாத்துட்டுத்தான் போனாரு” என்று சொல்லியிருக்கிறாள். “நோட்டில் ஆள் இல்லைன்னு இருக்கேம்மா” என்றிருக்கிறார் டைம் ஆபீஸர். மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் விலக்கில் நின்றிருந்தாள். வண்டி நின்றதும் ஏறினாள். வேனில் அன்று ஒருத்தரும் பேசவில்லை. முன் சீட்டு அக்காகூட வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மில்லில் இறங்கியதும் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கேதான் அவள் அப்படிக் கேட்டாள். பாத்தீகளா, பாக்கலையா?

இதே கேள்வியை ஏற்கெனவே ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். வடக்கே, பனி விழும் ஒரு மலை ரோட்டில்.

ராணுவத்தில் நாற்பது ஐம்பது லாரிகள் வரிசையாகப் போவதைக் கான்வாய் என்பார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிற வண்டியை ஓடிப் பிடிப்பது உன் வேலையில்லை. உனக்குப் பின்னால் வருகிற வண்டிதான் உன் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் நீ நிற்கவேண்டும். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் நிற்பான். இப்படியே நின்று நின்று தலைவண்டிவரை செய்தி போய்விடும். ஒருத்தன் ஒருத்தனைப் பார்த்துக்கொண்டால் அத்தனை பேரும் போய்ச் சேரலாம். நிற்கவும் போகவும் லாரியின் பின்பக்கத்தில் இருப்பவன் தகரத்தில் தட்டுவான்: ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ.

நான் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஒரு வளைவில் எனக்குப் பின்னால் கடைசியாக வந்த லாரியின் விளக்கு காணாமல் போனது. பார்த்தேன். வந்துவிடுவான் என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைக்கவில்லை. நேரத்துக்குக் கேம்ப் போய்ச் சேரவேண்டும் என்றுதான் நினைத்தேன். கேம்பில் எண்ணிப் பார்த்தால் ஒரு வண்டி குறைவு. பொறுப்பாக இருந்த ஹவில்தார் திட்டவில்லை. கொதிக்கக் கொதிக்க டீயை ஒரு கேனில் ஊற்றிக் கொடுத்து, “நீயே போ” என்றார்.

திரும்பிப் போனேன். பெல்ட் அறுந்த லாரிக்குப் பக்கத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாலக்காட்டுக்காரர் ஒருவர் இரண்டு மணி நேரமாகக் குதித்துக்கொண்டிருந்தார். குதித்தால்தான் கால் விறைக்காது. மீசையெல்லாம் பனி. நான் டீயை நீட்டினேன். குவளையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “நீ என்னைப் பாக்கலேன்னு சொன்னா நான் நம்பிடும். பாத்தேன்னு சொன்னா நான் மறந்திடும். ஏதாவது ஒண்ணு சொல்லு.”

நான் பார்த்தேன் என்றேன்.

பாதி டீயைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். “எனிக்குச் சீனி போரா” என்றார், சீனி போதவில்லை என்று. அவ்வளவுதான். சொன்னபடியே மறந்தும்விட்டார். அதற்குப் பிறகு பத்து வருஷம் எங்களுக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை. நான்தான் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வரும்போது கடிகாரத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

“பாத்தேன் தங்கச்சி” என்றேன்.

டைம் ஆபீஸர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ஆள் இல்லைன்னு எழுதியிருக்கீரு?”

“விலக்குல இல்ல சார். கண்ணாடியில இருந்தாக. ஓடி வந்துக்கிட்டு இருந்தாக. நான் பாத்துக்கிட்டேதான் மிதிச்சேன்.”

“வேய், பேச்சுக்குச் சொல்றீரா, எழுதிக் குடுப்பீரா? எழுதுனா உமக்கு மெமோ வரும். வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரும்.”

“பேப்பர் குடுங்க சார்.”

பயம் இல்லை என்று சொன்னால் அது புளுகு. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மானேஜர் இனிமேல் தலையை ஆட்டமாட்டார். ஆனாலும் பேனாவை எடுத்தேன். தப்பு யாருடையது என்று தேட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே என்னுடையது என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் உடம்பு லேசாகிவிடும். பதினைந்து வருஷத்தில் நான் அடைந்த பெரிய வருமானம் அதுதான். மலை ரோட்டில் டீக் கேனைத் தூக்கிக்கொண்டு போனபோது முதல் தடவை அது கிடைத்தது. இப்போது இரண்டாம் தடவை. நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முந்தின நாள் எழுதிய எழுத்தைவிட இது கொஞ்சம் கோணல்.

ஆபீஸர் அதை இரண்டு தடவை படித்தார். பியூனைத் தெலுங்கில் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு வருகைப் பதிவேட்டை இழுத்து, “கம்பெனி வண்டி விட்டுட்டுப் போனா அது லேபர் லேட் ஆகாது” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, அவள் பேருக்கு நேரே இருந்த சிவப்புக் குறியை அடித்தார். ஓரத்தில் இனிஷியல் போட்டார்.

“லிஸ்டுல பேரு இருக்கும்மா. போயி மிஷினப் பாரு.” என் பக்கம் திரும்பி, “உமக்கு மெமோ சாயங்காலத்துக்குள்ள வரும்” என்றார். சொன்னபடி வந்தது. வேலை போகவில்லை, ஒரு வருஷத்துக்கு எனக்குச் சம்பள உயர்வு இல்லை என்று ஆனது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, “பரவால்ல, ஒரு பூட்ஸக் கழட்டிட்டீக” என்றாள்.

அது ராத்திரிப் பேச்சு. அதற்கு முன்னால் மூன்று மணி ஷிப்ட் முடிந்தது. பஞ்சு ஒட்டிய தலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு பெண்கள் வேனுக்கு வந்தார்கள். விஷயம் அதற்குள் மில் முழுக்கப் பரவியிருந்தது. முன் சீட்டு அக்கா ஏறும்போதே, “அண்ணே, இன்னைக்குக் கடிகாரம் ஓடுதா, நின்னுருச்சா?” என்றாள். “நின்னு நின்னு ஓடுதுக்கா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் கொஞ்சம் பிந்தி வந்தாள். நன்றி சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை. நான் எடுத்ததைத்தானே திருப்பிக் கொடுத்தேன்? கோபம் இருந்தால் அதுவும் நியாயம்தான். வழக்கமாக அவள் உட்காருவது நடுவில், ஜன்னலோர சீட்டு. அது காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போனாள். கடைசி வரிசையில், பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, “ஏட்டி, நீ அங்கிட்டுப் போ. இனிமே இது என் எடம்” என்று எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். தலையைக் கதவுக்கு வெளியே நீட்டி, மில் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். ரீலிங் பிரிவுப் பெண் ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு அரக்கப்பரக்க ஓடிவந்துகொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். ஓடிவந்தவள் ஏறி, மூச்சு வாங்கி, உட்கார்ந்து முடிக்கிறவரைக்கும் கடைசி சீட்டுக்காரி காத்திருந்தாள். பிறகு கையை வெளியே விட்டு, வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.