நடுகல்லின் காலடியில் ஒரு கறுப்புத் திட்டு

சரோஜா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அக்கா கடைசிவரை மன்னிக்காத அந்த மனிதர்தான். எங்கள் திருப்பதி அருங்காட்சியகத்தின் பழைய அதிகாரி. "பாபம், நல்ல மனுஷி" என்றார் போனில். அடுத்த மூச்சிலேயே, "அந்தக் கறுப்பை இப்பவாச்சும் எடுத்துடலாமே? இரங்கல் கூட்டத்துக்கு நாலு பேரு வருவாங்க" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கறுப்பும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவின் பொறுப்பில் இருந்த காட்சிக்கூடத்துக்கு, குடுபல்லி என்ற ஊரின் பக்கத்து வயலிலிருந்து ஒரு நடுகல் வந்தது. மாடுகளை மீட்கப் போய்ச் செத்த வீரன், கையில் வில்லோடு நிற்பான். கல்லைக் கொடுத்த ஊர்க்காரர்கள், மாட்டுப் பொங்கலன்று வந்து கும்பிடுவோம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். "வெளியில தேங்கா உடைங்க. கல்லுல எண்ணெ படக்கூடாது. உள்ள வந்து ஆசை தீரப் பாத்துக்கினு போங்க" என்றார் அக்கா. சொந்த ஊரான சத்தியவேட்டின் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை. ஊர்க்காரர்களும் சொன்ன சொல் தவறவில்லை.

ஒரு முறை மேலிடத்தார் வருகிறார்கள் என்று, அக்கா லீவில் இருந்த நாளாகப் பார்த்து, கல் பளபளக்கட்டும் என்று கறுப்பு எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் அதிகாரி. வீரனின் கண், மூக்கு, தலைக்கு மேலிருந்த எழுத்து எல்லாம் அதில் மூழ்கிப்போயின. பொங்கலுக்கு வந்த பெரியவர் ஒருவர் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க சாமி மூஞ்சி எங்கம்மா?" என்றார். அக்கா அவர் எதிரிலேயே அழுதார். விசாரணை வந்தபோது அதிகாரி நாக்கூசாமல் பழியைத் திருப்பினார்: ஊர்க்காரர்கள் எண்ணெய் பூசிக் கெடுத்தார்கள், சரோஜா கண்டுகொள்ளவில்லை, அதை மறைக்கத்தான் பெயிண்ட். அக்காவின் பதவி உயர்வு போயிற்று. ஊர்க்காரர்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதிகாரி மட்டும் பதவியில் மேலே மேலே போனார்.

அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு அக்கா பஞ்சும் தின்னருமாக உட்கார்ந்தார். மாதக்கணக்கில் துடைத்து வீரனின் முகத்தை மீட்டார். காலடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பை அப்படியே விட்டார். பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்: 'இது எனாமல் பெயிண்ட்.' அதன் கீழே, யார் உத்தரவால் பூசியது என்று அந்த அதிகாரியின் முழுப்பெயர், தெலுங்கிலும் தமிழிலும். புதிதாக வந்த அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தாரே தவிர, எடுக்கச் சொல்லவில்லை.

"இதையும் தொடச்சிடலாமேக்கா" என்றேன்.

"சாமிக்காக மூஞ்சியத் தொடச்சேன். இந்த ஆளுக்காக நான் எதுக்குத் தொடைக்கணும்? வர்றவங்க எல்லாம் நின்னுக்கினு படிக்கட்டும்."

அந்தக் காட்சிக்கூடம் இப்போது என் பொறுப்பு. அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை அதன் சாவியும் ஆறாத அந்தக் கோபமும்தான். இரண்டையும் நான் யாரிடமும் கொடுப்பதாக இல்லை. இரங்கல் கூட்டத்தை அந்தக் கல்லின் முன்னாலேயே வைத்திருக்கிறேன். புது அதிகாரியிடம் கேட்டு, குடுபல்லிக்காரர்களையும் உள்ளே அழைத்திருக்கிறேன். "அவசியம் வாங்க சார், உங்களுக்கு முன் வரிசையில நாற்காலி போட்டிருக்கேன்" என்று அந்தப் பழைய அதிகாரிக்கும் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பலகையின் தூசியைத் துடைத்தேன். பெயர் தூரத்திலிருந்தே தெரிகிறது.