பிரேமா எழுந்து பேசினாள்

திருத்தணியில் அரக்கோணம் சாலைப் பக்கம் இருந்த ஒரு தனியார் பள்ளியில் ஈவ்லின் பல வருடங்களாக ஆங்கிலம் எடுத்துவந்தாள். அவளுடைய அப்பா இஸ்ரேல், சர்ச்சில் ஆங்கில ஆராதனைக்கு வேதம் வாசிப்பவர். அதனால் அந்த மொழி அவளுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. வகுப்பில் அவள் ‘ஷட் அப்’ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சத்தம் கூடினால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். பிள்ளைகளே ஒருவரை ஒருவர் அடக்கிக்கொள்வார்கள்.

கணக்கு டீச்சராக வந்து சேர்ந்த பிரேமா கனகம்மாசத்திரத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். தமிழ் வழியில் படித்தவள். கணவன் விட்டுப்போன பிறகு மகள் சுதாவோடு தனியாக இருந்தாள். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் டிபன் பாக்ஸைத் திறந்து குனிந்துகொள்வாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது ஈவ்லின்தான். மதியம் சாப்பிட்டுக்கொண்டே அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் பேச்சு முழுக்க வாயை மூடுவதைப் பற்றியே ஓடியது.

“‘கீப் மம்’னா இன்னாக்கா?”

“ஒரு விஷயத்த வெளிய வுடாம இருக்கறது.”

“அட, நம்ம கம்முனு இருக்கறதுதான். மம்மு, கம்மு.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “‘ஹோல்ட் யுவர் டங்’னா நாக்கை அடக்குன்னு அதட்டுறது, பெரியவங்ககிட்ட சொல்லக் கூடாது” என்றாள் ஈவ்லின். “‘ஹஷ்’னா அழுவுற குழந்தைய அமத்துறது. அதுகூட ஒரு ‘அப்’ சேர்ந்துச்சுன்னா, ‘ஹஷ் அப்’, நடந்த தப்ப வெளிய தெரியாம அமுக்குறது.”

“ரெண்டு எழுத்துல எங்கியோ போயிடுதே” என்றாள் பிரேமா. எதையும் ஒருமுறை கேட்டால் போதும் அவளுக்கு. சில வருடங்களில் பெற்றோர்களிடம் தடுமாறாமல் ஆங்கிலம் பேசினாள். ஈவ்லினின் கணவர் பென்சன் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தார். அக்கா புருஷன் என்ற உரிமையில் அவரைப் பிரேமா பாவா என்றுதான் கூப்பிடுவாள். கிறிஸ்துமஸுக்கு சுதாவுக்கும் ஈவ்லின்தான் பாவாடை சட்டை எடுப்பாள்.

அந்த வருடம் எட்டாம் வகுப்பு மின்விசிறி ஆட்டம் கண்டிருந்தது. ஆடிக் கிருத்திகை விடுமுறைக்கு முன்பே ஈவ்லினும் பிரேமாவும் தாளாளர் ஜம்புலிங்கத்தின் அறைக்குப் போய்ச் சொன்னார்கள். “லீவுல பாத்துடலாம்மா” என்றார் அவர். பார்க்கவில்லை. பள்ளி திறந்ததும் விசிறி கழன்று யுவஸ்ரீ என்ற பெண்மேல் விழுந்தது. தோளிலும் வலது கை விரல்களிலும் ஆழமான வெட்டு. மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பா சேட்டு, சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெண் பெஞ்சுமேல் ஏறித் துப்பட்டாவை விசிறியில் வீசி விளையாடினாள் என்று பள்ளியில் அவரிடம் சொன்னார்கள்.

ஈவ்லின் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் யுவஸ்ரீயின் அம்மா சுலோச்சனாவைப் பார்த்தாள். “உங்க பொண்ணு மேல தப்பில்ல. முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் போய்ச் சொன்னோம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்றோம்.”

பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை பிரேமா ஈவ்லின் வீட்டில்தான் இருந்தாள். தோசை சுடச்சுட வந்துகொண்டிருந்தது.

“நாளைக்கு நான் மொதல்ல எழுந்துக்கறேன். நீ பின்னாலயே எழுந்துக்கோ” என்றாள் ஈவ்லின்.

“ஆங், நான் இருக்கறேன்க்கா. இன்னும் கொஞ்சம் சட்னி வைய்யி” என்று பிரேமா சிரித்தாள்.

மறுநாள் கூட்டத்தில் ஈவ்லின் எழுந்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே நடந்ததைச் சொன்னாள். “பிரேமா மிஸ்ஸும் என்கூட வந்தாங்க” என்று முடித்தாள்.

தாளாளர் பிரேமாவைப் பார்த்தார். அவள் எழுந்தாள். ஈவ்லின் மிஸ் மனது சரியில்லாமல் இருக்கிறார், அப்படி எந்தப் புகாரும் நாங்கள் கொடுக்கவில்லை என்று ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். ஈவ்லின் குறுக்கே ஏதோ சொல்லப் போனபோது, “ப்ளீஸ் ஹோல்ட் யுவர் டங், மிஸ் ஈவ்லின்” என்றாள். குரல்கூட உயரவில்லை. பெற்றோர்களில் பாதிப் பேருக்கு அது புரிந்திருக்காது, ஆனாலும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் சுலோச்சனா ஈவ்லினையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறாளோ என்று ஈவ்லினுக்குத் தோன்றியது.

கூட்டம் முடிந்ததும், பிரேமாதான் இனி துணைத் தலைமை ஆசிரியை என்று ஆயா தாயாரம்மாள் சொன்னாள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அவளுக்காக அறையைக் கழுவிவிடச் சொல்லியிருந்தார்களாம்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் ஈவ்லின் பிரேமாவைப் பிடித்தாள்.

“தோசை துன்னும்போதே தெரியுமா உனுக்கு?”

பிரேமா சாவியைத் தேடினாள். “உனுக்கு பாவா இருக்காரு. எனுக்கு யாருக்கா இருக்காங்க? இந்த வேலை போச்சுன்னா நானும் சுதாவும் எங்க போறது?”

“பயந்துகினு வாய மூடிகினு இருந்திருந்தா நான் ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டேன் பிரேமா. நீ எழுந்து பேசினியே.”

பிரேமா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று ஈவ்லினுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் சேட்டு விடவில்லை. கல்வி அதிகாரியிடம் மனு கொடுத்தார். ஈவ்லினும் கூடப் போனாள். அதிகாரி பள்ளிக்கு வந்து பிள்ளைகளையே கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அம்மு என்ற பெண், “யுவஸ்ரீ பெஞ்சுல உக்காந்து எழுதிகினு இருந்தா சார். ஏறவே இல்ல” என்றாள். அதன்பின் வகுப்பே பேசியது. பள்ளி மருத்துவச் செலவை ஏற்றது. மின்விசிறிகள் எல்லாம் மாறின. யுவஸ்ரீயின் சுண்டுவிரல் மட்டும் இன்னும் சரியாக மடங்குவதில்லை. பிரேமா அதே பதவியில் இருக்கிறாள்.

ஈவ்லின் இப்போது வீட்டின் முன்னறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். வேலை போனதை அவள் மறந்துவிட்டாள். மறக்க முடியாதது பிரேமா தோசை சாப்பிட்ட அந்த மாலைதான். “அவ சிரிச்சதுல எது நெசம், எது பொய்?” என்று பென்சனிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

போன மாதம் ரயிலடியில் பிரேமா பென்சனைப் பார்த்து, சுதாவை ஈவ்லின் வகுப்பில் சேர்த்துக்கொள்வாளா என்று கேட்டிருக்கிறாள். பென்சன் தயங்கித் தயங்கி வீட்டில் சொன்னார். ஈவ்லின் வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ண அனுப்பச் சொல்லுங்க. அது இன்னா பண்ணுச்சு. ஆனா அவ இந்த வாசலுக்கு வர வேணாம்.”

சுதா இப்போது தினமும் வருகிறாள். பிரேமா தெருமுனையிலேயே மகளை இறக்கிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.