வலி காட்டும் பெட்டி

சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், அவர் காதில் செருகியிருக்கும் பென்சில் கைக்கு வந்துவிடும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கும் சின்னக் குறிப்பேட்டில் தேதி, இடம், கேட்ட சொல், சரியான சொல் என்று நான்கு பத்திகள். காருக்குப் புதிதாக வாங்கிய வழிகாட்டும் கருவி, பெண் குரலில், "முந்நூறு மீட்டரில் உங்கள் வலி முடிகிறது" என்றது. அவர் எழுதிக்கொண்டார். "வலி இல்லம்மா. வழி. வழி!" என்று திரையைப் பார்த்து ஒரு தடவை சொல்லியும் கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததில் திருப்பம் தப்பிவிட்டது. "வலி தவறிவிட்டீர்கள். புதிய வலி தேடப்படுகிறது" என்றது கருவி.

பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். "நான் ஒவ்வொருத்தர் முதுகா அமுக்கி அமுக்கித் தேடுறேன். இவ உக்காந்த எடத்துலேயே புது வலியா கண்டுபிடிக்கிறா. எங்க டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிடுங்க, ஆள் பத்தல."

"சிரிக்காத. இது சின்ன விஷயம் இல்ல."

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபத்தெட்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். மற்றவர்கள் விட்டுவிடும் க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் போட்டுவிடுவதால் அங்கே அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். முதலாளியின் ஆள் போலிருக்கிறது என்று, அவர் தேநீர்க் கோப்பையோடு வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு விளங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குள் இன்னொருவர் புதிதாகச் சேர்ந்திருப்பார். வாய் திறக்காத மனிதர்கள் நடுவே தேநீர் குடித்துக் குடித்து அவருக்கும் பேச்சுக் குறைந்துபோனது.

எழுத்தில் இருக்கும் கூர்மை திசையில் கிடையாது. நான்கு தெரு தள்ளியிருக்கும் பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது அடுத்த ஊரின் எல்லைப் பலகை வரைக்கும் போனவர். பலகையில் ஒரு பிழை கண்ணில் பட்டதால்தான் நிறுத்தினார். இல்லாவிட்டால் இன்னும் போயிருப்பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப லெஃப்ட்ல, லெஃப்ட்ல, உங்க லெஃப்ட்ல" என்று சொல்லிக்கொண்டே வருவதுதான் வழக்கம். அவளுக்கு ஷிஃப்ட் மாறி, அவர் தனியாக ஓட்ட வேண்டி வந்தபோது கருவி வாங்குவது என்று முடிவாயிற்று.

பதினான்கு வயதுக் காரில் கேசட் போடும் பெட்டிதான் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு ஏழு அங்குலத் திரையைப் பொருத்திக் கொடுத்தவர் கார் ஆடியோ கடைக்காரர். வளையலைப் போல மணிக்கட்டில் எப்போதும் இன்சுலேஷன் டேப் மாட்டியிருப்பார். யார் கத்தினாலும் கத்தமாட்டார். அவரை 'மெக்கானிக்' என்று கூப்பிட இவருக்கு மனம் வரவில்லை. 'பொருத்துநர்' என்று கூப்பிட்டார். கடைக்காரருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், கடை வாசலில் தன் படத்துக்குக் கீழே எழுதியே மாட்டிவிட்டார்: 'தலைமைப் பொறுத்துநர்'.

இவர் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். "தம்பி, வல்லின று போட்டா, பொறுத்துக்கிட்டுப் போறவர்னு அர்த்தம்."

"அதுவும் சரிதானே சார்" என்றார் கடைக்காரர்.

கடைக்காரர் பொறுக்க வேண்டியது நிறைய இருந்தது. முதலில் வரவேற்புத் திரை. வண்டியைக் கிளப்பியதும் 'நல்வரவூ' என்று வந்தது. அதை மாற்ற இரண்டு மணி நேரம் ஆனது. அடுத்து பாட்டுகள். மெமரி கார்டில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டுகள் இருந்தன. ஒன்றைக்கூட இவர் கேட்கவில்லை, பெயர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தி முடித்துப் பார்த்தால், ஏழு அங்குலத்தில் பெயர்கள் பாதியிலேயே வெட்டுப்பட்டு நின்றன. ஒன்பது அங்குலத் திரை வந்தது. அது உள்ளே நுழைவதற்காகச் சட்டத்தை அரத்தால் ராவி, மனைவி பக்கத்து ஏசித் துவாரத்தை அடைக்க வேண்டியதாயிற்று.

"பாட்டு பேரு முழுசா தெரியுது. காத்துதான் வரல" என்றாள் அவள்.

ஆனால் அந்தப் பெண் குரலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பள்ளிக்கூடம் பல்லிக்கூடமாகவும், கிழக்கு கிலக்காகவும் வந்தபடியே இருந்தன. தயாரித்த கம்பெனிக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. கடைசியில் கடைக்காரர்தான், பேசாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டார்: "சார், இவ பேச்சு பூரா இந்த கார்டுலதான் துண்டு துண்டா இருக்கு. தூக்கிட்டு உங்க குரலையே போட்டுக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், கார் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட, அவர் நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்தார். 'இன்னும் இருநூறு மீட்டர் தொலைவில், தாங்கள் வலப்புறமாகத் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும்' என்கிற மாதிரி, பிசிறில்லாத வாக்கியங்கள். அடுத்த நாள் ஓட்டிப் பார்த்தபோது, குரல் 'செல்ல' என்ற இடத்துக்கு வருவதற்குள் திருப்பம் பின்னால் போயிருந்தது. நெருக்கமான சந்துகளில் வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கியூவில் நின்றன. அவர் வீட்டுக்கு வந்து வண்டியை அணைக்கப் போகும்போது, குரல் மார்க்கெட் முனையில் திரும்பச் சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் வாக்கியங்களைத் தானே வெட்டினார். 'வலப்புறம் திரும்புக.' அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் நேரத்துக்கு வந்தது. ஒன்றே ஒன்றுதான் உதைத்தது. 'இதுவே சரியான வழி' என்று அவர் பதிவு செய்திருந்தது, ஸ்பீக்கரில் 'இதுவே சரியான வளி' என்று கேட்டது. வளி என்றால் காற்று. இதுவே சரியான காற்று என்று தன் குரலே சொல்வதைக் கேட்டு, வண்டியை நேராகக் கடைக்கு விட்டார்.

"ஸ்பீக்கர் சரியில்ல தம்பி. ழகரம் உள்ள போய் சிக்கிக்குது."

கடைக்காரர் கதவு ஸ்பீக்கர்களை மாற்றினார். சிக்கியது. கீச்சுக் குரலுக்கென்று முன் தூண்களில் சின்ன ஸ்பீக்கர் இரண்டு வைத்தார். சிக்கியது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் போட்டார். கதவுகளுக்குள் அதிர்வு தாங்கும் தகடு ஒட்டினார். முப்பத்தொரு குமிழ் இருக்கிற ஈக்வலைசரில் ஒவ்வொரு குமிழாக ஏற்றி இறக்கினார். கச்சேரி மண்டபத்தைக் கொண்டுவந்து காருக்குள் வைத்த மாதிரி ஆயிற்று. அவ்வளவு துல்லியத்தில், மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் தெளிவில், 'வளி' என்றது கருவி.

கடைசியாக மைக்கை மாற்றிப் பார்ப்பது என்று இரண்டு பேரும் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் 'வழி, மழை, ஏழு' என்று சொன்னார். கடைக்காரர் பதிவை நிறுத்த மறந்து, சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு சார்" என்றார். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். 'வளி, மளை, ஏளு' என்றது ஸ்பீக்கர். உடனே அதே ஸ்பீக்கர், அதே மைக், நாக்கு அண்ணத்தைத் தேடிப்போய் வளைந்து வந்த அப்பழுக்கில்லாத ழகரத்தோடு, 'உள்ள ஒரே புழுக்கமா இருக்கு சார்' என்றது.

கடைக்காரர் மணிக்கட்டில் இருந்த டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சார்… கோச்சுக்கக் கூடாது" என்றார் கடைக்காரர். "நீங்க நேர்ல பேசும்போதும் இப்படித்தான் இருக்கு. நான்தான் அடுத்த ஸ்பீக்கர்ல சரியாப்போயிடும்னு பாத்தேன்."

இதுவரைக்கும் இங்கே அவர் பேசியதாக வந்ததெல்லாம் அவர் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டது. இனிமேல் மற்றவர்கள் காதுக்குக் கேட்டபடி.

மறுநாள் அச்சகத்தில், இயந்திரம் ஓட்டுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் அச்சுப்பிளைங்கிற வார்த்தைய எப்படிச் சொல்றேன்?"

"அச்சுப்பிளைன்னுதான் சார் சொல்வீங்க. என்னைக்கும்."

"நீ எப்படிச் சொல்வே?"

"நாங்களும் பிளைதான் சார். நீங்க சொன்னா அதுதானே சரியா இருக்கும்? பைண்டிங் செக்ஷன்ல ஒருத்தர் பிழைன்னு சொல்லிட்டிருந்தாரு. நாங்கதான் திருத்தினோம்."

அன்று மாலை மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கதவோரமாக வந்து நின்றார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"எனக்கு அந்த… ளகரம். சிறப்பு ளகரம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மொத மொத பேசுனப்பவே தெரியும். ஒரு ஃபாரத்த நிரப்பிக் குடுத்தேன். பாத்துட்டு, 'உங்க கையெளுத்து அளகா இருக்கு'ன்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? நல்லாத்தானே இருந்துச்சு. ஒருத்தர் நம்ம கையெழுத்து அழகா இருக்குன்னு சொல்லும்போது, அவர நிறுத்தித் திருத்துவாங்களா?"

"இத்தன வருசமாவா?"

"நாள் பூரா திருத்திட்டு வர்றீங்க. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சான்னு விட்டுட்டேன்" என்று சொல்லி, அவள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள்.

அவர் தன் குரலை அழித்துவிட்டுப் பழைய பெண் குரலையே திரும்பப் போட்டார். ஒரு வாரம் அது 'வலி' என்றால் ஒன்றும் சொல்லவில்லை. அது திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பினார். அந்த வாரம் ஒருநாள்கூட வழி தப்பவில்லை. ஆனால் ழகரம் வருகிற சொற்களையெல்லாம் சுற்றிக்கொண்டு பேசினார். மழைக்கு 'வெளிய தண்ணி கொட்டுது' என்றார். ஏழு மணிக்கு 'ஆறு தாண்டி ஒரு மணி' என்றார். மனைவிக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை அவளை ஆஸ்பத்திரியில் விடப் போனார். ஷிஃப்ட்டுக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. வாசலில் ஆள் இறக்கிவிடும் இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"கைகால் மடங்காதவங்களுக்கெல்லாம் மடக்கச் சொல்லிக் குடுக்கிறியே. நாக்குக்கு ஏதாவது இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, வேலையில் இருக்கும்போது போடுகிற முகத்தைப் போட்டுக்கொண்டாள். சீட்டில் திரும்பி உட்கார்ந்து, அவர் தாடைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினாள்.

"வாயத் தொறங்க. நுனிய மேல மடக்குங்க. பல்ல தொடக் கூடாது. இன்னும் உள்ள. இன்னும். வலிக்குதா?"

"வழிக்குது" என்றார் அவர்.

அட்சர சுத்தமான ழகரம். வரக் கூடாத இடத்தில், கொஞ்சமும் கலப்படம் இல்லாமல் வந்து விழுந்தது. அவளுக்கு அதற்குமேல் முடியவில்லை. அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தாள். இரண்டு பேர் கண்ணிலும் நீர். வாசல் காவலர் வந்து, இங்கே ஆள் இறக்கிவிட மட்டும்தான் அனுமதி என்று கண்ணாடியைத் தட்டினார். அவர் காவலரைப் பார்த்தார். மடித்த நாக்கை இறக்கவில்லை, வாயை மூடவில்லை. மனைவியின் விரல்களை எடுத்துத் தன் தாடைக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு, காவலரிடம் இன்னும் இரண்டு நிமிடம் என்று இரண்டு விரலைக் காட்டினார்.