கருகிய சிப்ஸும் ஓரகத்தியின் கேள்வியும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பென்னலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்று என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் தம்பி மனைவிக்கு, வளைகாப்பு. எனக்குப் பின்னால் கல்யாணமாகி வந்தவள். அவள் வயிற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் வாந்தி எடுத்தால்கூடப் பொறாமையாக இருக்கும்.

எனக்கோ குழந்தைக்காக ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்றே காலம் போனது. என் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. என் கணவரை டெஸ்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் ஷிஃப்ட், ஓ.டி. என்று நழுவிவிடுவார். வல்லம் வடகாலில் ஒரு சிப்ஸ் கம்பெனியில், பொரிக்கிற லைனில் அவருக்கு வேலை. கருகிப்போனதென்று ஒதுக்கும் சிப்ஸைக் கைகையாக அள்ளித் தின்பார். வீட்டுக்கும் கொண்டு வருவார்.

வளையல் போட நான் எழுந்தபோது மாமியார் தடுத்து, "நீ அப்பால போடலாம், உக்காரு" என்றார். நேராகச் சமையலறைக்குள் போய்விட்டேன். கூடத்தில் கேட்ட சிரிப்பு எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த நிமிஷம் அவளை அவ்வளவு வெறுத்தேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு அவளே வந்தாள். மாமியாரும் இருந்தார். தண்ணீர் குடிக்க வந்த என் கணவரிடம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அக்கா மட்டும் எத்தினி வாட்டி ஊசி குத்திக்கும்? உங்க தம்பி போய் டெஸ்ட் எடுத்து மருந்து சாப்ட்டப்புறம்தான் எனக்கே தங்குச்சு. நீங்களும் ஒருவாட்டி போய்ட்டு வாங்களேன்."

கொழுந்தனார் சிகிச்சை எடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. என் கணவர் தலையைக் குனிந்தபடி வெளியே போனார். ஆனால் அடுத்த வாரம் தானே லீவு போட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டெஸ்ட் எடுத்ததில் அவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. டாக்டர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். உருளைக்கிழங்கைக் கருகப் பொரித்தால் அக்ரிலமைடு என்றொரு வேதிப்பொருள் உண்டாகுமாம். விலங்குகளின் விந்தணுவை அது பாதிப்பதாக ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம். மனிதர்கள் விஷயத்தில் உறுதியாகத் தெரியவில்லை, இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்றார். அதிகச் சூட்டில் நிற்பதும் விந்தணுவுக்கு ஆகாது என்றார்; என் கணவர் போடும் புகையிலையையும் நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார். என் கணவர் சூப்பர்வைசரிடம் கேட்டு, அடுப்புச் சூட்டிலிருந்து பேக்கிங்குக்கு மாறிக்கொண்டார்.

அடுத்த ரிப்போர்ட் பரவாயில்லை. குழந்தை இன்னும் வரவில்லை. ஓரகத்தியின் மகள் என்னைப் 'பெரிம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தூக்கும்போது பொறாமை இன்றைக்கும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். ஆனால் அந்த வீட்டில் எனக்காக வாய் திறந்த ஒரே ஆள் இவள் அம்மாதான் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.