நன்றி ஜெபத்தில் விடுபட்டவர்

2004 ஜூனில், நான் படித்த கல்லூரிக்கே சாப்ளினாக, அதாவது கல்லூரிப் போதகராகத் திரும்பினேன். சிற்றாலயத்தில் காலை ஆராதனை நடத்துவதும், விடுதிப் பிள்ளைகளின் கஷ்டங்களைக் கேட்பதும் என் வேலை. மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே இருந்தது கல்லூரி. எனக்கு வேதியியல் எடுத்தவர்தான் அப்போது முதல்வர். பழைய ஆசிரியர்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. டேய் என்று ஆரம்பித்து ஐயா என்று முடிப்பார்கள்.

தடுமாறாதவர் விடுதி மெஸ்ஸில் வேலை பார்த்த அக்கா ஒருவர்தான். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். படிக்கிற காலத்தில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது தனி அறைக்கு மோர்ச்சோறு கொண்டு வந்தவர்.

"ஃபாதராயிட்டியாமே தம்பி?"

"ஃபாதர் இல்லக்கா, பாஸ்டர்."

"ஏதோ ஒண்ணு. சாப்ட்டியா?"

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. விடுமுறைக்காக நான் திண்டிவனத்தில் மாமனார் வீட்டில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, நிவாரண முகாமில் துணிமணி கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன். கொடுக்கிற கையோடு முகங்களைப் பார்த்தேனா என்றால், இல்லை.

ஜனவரியில் கல்லூரி திறந்ததும் ஒரு நன்றி ஆராதனை வைக்கச் சொன்னார் முதல்வர். நம்மில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று அலுவலகத்தில் கேட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். தப்பிச்சோம்."

அதை நம்பி, வெளியே எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். எங்கள் கல்லூரிக் குடும்பத்தில் ஒருவரைக்கூட இழக்கக் கொடாமல் காத்த ஆண்டவரே என்று உருக்கமாகவே சொன்னேன்.

மதியம் மெஸ்ஸில் வேறொரு அம்மா சோறு போட்டார். அக்கா இன்னும் வரவில்லையா என்று கேட்டேன். கரண்டி நின்றது.

"அவ கடல்ல போயிட்டா சார். தெரியாதா உங்களுக்கு?"

தட்டை மேடையிலேயே வைத்துவிட்டேன்.

"காலையில நீங்க பேசுனது இங்க நல்லா கேட்டுது சார். நாங்க அரிசி களைஞ்சுகிட்டு இருந்தோம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்றவருக்குச் சோறு போடத் திரும்பிவிட்டார்.

முதல்வரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்தான். ஆனா அவங்க தினக்கூலிப்பா. ஸ்டாஃப்ல வரமாட்டாங்க. நீ சொன்னதுல தப்பில்ல."

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்தது. இன்றும் என்னைக் கூசவைப்பது அந்த ஜெபத்தைவிட அந்த நிம்மதிதான்.

மறுநாள் குப்பத்துக்குப் போனேன். தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகை ஒன்றின் வாசலில் அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். காலேஜிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லியிருக்கா சார். நம்ம கையால சாப்ட்ட புள்ள அங்கயே பெரிய வேலைக்கு வந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா."

நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜெபத்தில் நான் சொன்னதை நின்றபடியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம சொன்னதுதானே சார்."

"ஆமாங்க."

"எங்ககிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

ஆறுதல் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நாற்காலியை அவர் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த ஆராதனையில் அக்காவின் பெயரைச் சொல்லி, நான் செய்த தவறையும் சொன்னேன். பிள்ளைகள் சிலர் அழுதார்கள். முடிந்ததும் முதல்வர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்வளவு நாள்ல இன்னைக்குத்தான்பா ரொம்ப நல்லா பேசின."

பின்னால் நின்ற ஆசிரியர்களும் ஆமாம் என்றார்கள். நன்றி என்று சொல்லிவிட்டேன். பழக்கத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்க்க முடியாமல், அங்கியைக் கழற்றும் சாக்கில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.